பணமே வரல, "பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்தா?

"முதல்ல சைன் போடுங்க தம்பி, பணம் அப்புறம் அக்கவுண்ட்ல ஏறிடும்."

வேலையை விட்டுக் கணக்கு முடிக்கப் போன என்னிடம் கம்பெனி ஆபீஸ்காரர் சொன்னது இது. இந்த ஒரு வரியைக் கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. வேலை பர்மிட்டை ரத்து செய்யக் கையெழுத்து வாங்கும் கேன்சலேஷன் தாளில் என்ன எழுதியிருக்கும் என்று அமீரகத்தில் வேலையை விட்ட எல்லோருக்கும் தெரியும். சம்பள பாக்கி, எடுக்காத லீவுக்கான லீவு பணம், வேலை பார்த்த வருஷங்களுக்காகக் கடைசியில் தரும் சர்வீஸ் பணம் எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி கம்பெனியிடம் கேட்க எதுவும் இல்லை என்று இருக்கும். ஒரு திர்ஹம்கூட கைக்கு வரவில்லை. வராத பணத்தை வந்தது என்று நான் எதற்கு எழுதித் தர வேண்டும்?

கையெழுத்துப் போடவில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்றேன்.

"கணக்கு சிஸ்டத்துல இருக்கு தம்பி." சரி, சிஸ்டத்தையே காட்டுங்கள். "அது எங்களுக்கு மட்டும்தான் ஓப்பன் ஆகும்." அப்படியானால் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். எழுந்து போனார், டீயோடு திரும்பி வந்தார், பிரிண்டர் மெதுவாக வேலை செய்கிறது என்றார். கடைசியில் ஒரு அரைத்தாளை மேஜைமேல் தள்ளினார். அதில் சர்வீஸ் பணம் என்று ஒரே ஒரு எண். 3,360. எத்தனை வருஷம், எந்தச் சம்பளம், எத்தனை நாள், ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷ உழைப்புக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

நாலரை வருஷ சர்வீஸ் எனக்கு. கடைசி பேசிக் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) மாதம் 1,800 திர்ஹம், அதாவது நாளுக்கு 60. சர்வீஸ் பணம் முதல் ஐந்து வருஷம் வரைக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 21 நாள் பேசிக், அதற்கு மேலே போனால் வருஷத்துக்கு 30 நாள். இது சட்டம். நாலரையை 21ஆல் பெருக்கினால் 94.5 நாள். 5,670 திர்ஹம் வர வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கணக்கு இது. 2,310 திர்ஹம் எங்கே போச்சு?

கேட்டேன். "நீங்களா ரிசைன் பண்ணீங்க இல்ல, அதான் மூணுல ரெண்டு பங்கு." அந்த விதி 1980ஆம் வருஷத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. 2021இன் 33ஆம் எண் சட்டம் வந்து, 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாமே ராஜினாமா செய்தாலும் ஒரு வருஷம் முடித்திருந்தால் முழு சர்வீஸ் பணம் உண்டு. இதையே தொழிலாக வைத்து நாள் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது என்று என்னை நம்பச் சொல்கிறார்.

அடுத்து, "நீங்க பழைய காண்ட்ராக்ட்ல வந்த ஆளு." ஐயா, முடியும் தேதி இல்லாத பழைய அன்லிமிடெட் காண்ட்ராக்ட்டை எல்லாம் 2023க்குள் மாற்றியாக வேண்டும் என்று வந்தபோது, இதே அறையில் இதே மேஜையில் என்னிடம் புதுக் காண்ட்ராக்ட்டில் கையெழுத்து வாங்கியது யார்?

உடனே வேறு பக்கம் தாவினார். "அந்த ஆறு மாசம் கணக்குல வராது, முழு வருஷம்தான்." அதுவும் பொய். ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டால் மிச்சமிருக்கும் மாதங்களுக்கும் விகிதப்படி பணம் உண்டு. கால்குலேட்டரை எடுத்துத் திரும்பத் திரும்ப அதே எண்களைத் தட்டினார். தட்டினால் கணக்கு மாறிவிடுமா?

கடைசியாகச் சொன்னார் பாருங்கள், "எல்லாருக்கும் இப்படித்தான் குடுத்தோம், யாரும் கேட்கல." அப்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. எத்தனை பேர் இந்த அரைத்தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு விமானம் ஏறினார்களோ. அதில் பாதிப் பேருக்கு அந்தத் தாளைப் படிக்கவே தெரியாது. நம் பாஷையில் தம்பி தம்பி என்று பேசிக்கொண்டே கழுத்தை அறுக்கிறார்கள்.

பேசிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மொத்தச் சம்பளம் 4,500. அதில் பேசிக் 1,800தான். மிச்சமெல்லாம் ரூம், வண்டி, சாப்பாடு, "இதர அலவன்ஸ்". சம்பளம் கூட்டிய ஒவ்வொரு முறையும் கூட்டியதை இதர அலவன்ஸில்தான் போட்டார்கள். கடிதத்தைப் பார்த்துச் சந்தோஷமாக ஊருக்குப் போன் போடுவோம். சர்வீஸ் பணம் பேசிக்கை வைத்துத்தான் என்பதால் அந்த உயர்வு எதுவும் அதில் சேராது. லீவு பணமும் பேசிக்கை வைத்துத்தான். இதில் சட்டத்தை அவர்கள் மீறவே இல்லை, அதுதான் கொடுமை. வேலைக்குச் சேரும்போதே மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள், பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள்.

எங்கள் ரூமில் இருந்த ஓர் அண்ணனுக்கு 11 வருஷ சர்வீஸ். 285 நாள் பேசிக் வர வேண்டும். அவர் ஊருக்குப் போன வருடாந்திர லீவை எல்லாம் சர்வீஸிலிருந்து கழித்துவிட்டார்கள். சம்பளம் இல்லாமல் எடுத்த லீவைத்தான் கழிக்கலாம். சம்பளத்தோடு கொடுத்த லீவை எந்தச் சட்டத்தில் கழித்தார்கள்? அவர் கேட்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அவசரம் யாருக்கு என்று பார்த்துத்தான் இவர்கள் கை வைக்கிறார்கள்.

எனக்கு அந்த அவசரம் இல்லை. வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் எல்லாப் பணமும் வர வேண்டும், வராவிட்டால் லேபரில், அதாவது தொழிலாளர் அமைச்சகத்தில், கம்ப்ளைண்ட் போடுவேன் என்று சொன்னேன். 50,000 திர்ஹம் வரைக்குமான தகராறை 2024இலிருந்து அமைச்சகமே முடிவு செய்யலாம், கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை என்பதையும் சொன்னேன். குரல் உடனே இறங்கியது. "ஏன் தம்பி டென்ஷன் ஆகுறீங்க, அக்கவுண்ட்ஸ்ல பேசிப் பார்க்கிறேன்." சரியான கணக்கு இருந்தால் பேச என்ன இருக்கிறது? பணம் பேங்கில் ஏறட்டும், அப்புறம்தான் பேனாவைத் தொடுவேன்.

இவ்வளவுக்கும் நடுவில் அனுபவச் சான்றிதழை நீட்டினார். அதில் என் பெயர் இல்லை, என் அப்பா பெயர்தான் இருக்கிறது! சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறேன், எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் இரண்டாவதாக இருப்பது அப்பா பெயர் என்று. அட்டெண்டன்ஸில் அப்பா பெயர், இமெயிலில் அப்பா பெயர், மேனேஜர் கூப்பிட்டதும் அப்பா பெயர். நாலரை வருஷம் வேலை பார்த்தது நான். சான்றிதழ் வாங்கியது ஊரில் வயல் வேலை பார்க்கும் என் அப்பா. அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.