நீண்ட ஆயுள் என்றால் நல்ல உடல்நலமா?

"பெண்கள்தான் அதிக காலம் வாழ்கிறார்கள், ஆகவே அவர்கள் சொல்லும் உடல்நலக் குறைகள் மிகைப்படுத்தல்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முதல் பாதி சரி. முடிவுதான் தவறு.

பெண்களிடம் அதிகம் காணப்படும் மூட்டுவாதமும் ஒற்றைத் தலைவலியும் ஆண்டுக்கணக்கில் வாட்டுமே தவிர உடனே உயிரைப் பறிப்பதில்லை. ஆண்களுக்கோ மாரடைப்பு சராசரியாகப் பெண்களைவிட இளவயதிலேயே வருகிறது. அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்த ஆன் கேஸ், கிறிஸ்டினா பாக்ஸன் இருவரும் 2005இல் 'டெமோகிராபி' ஆய்விதழில் இதை எழுதினார்கள்: ஒரே நாட்பட்ட நோய்கள் உள்ள ஆணும் பெண்ணும் தம் நலத்தை ஏறக்குறைய ஒரே விதமாகவே மதிப்பிடுகிறார்கள். குறைந்த வருமானமும் ஊதியமில்லாத பராமரிப்பு வேலையும் பெண்களின் நலத்தை மேலும் அரிக்கின்றன. இவ்வளவையும் 'நடிப்பு' என்று ஒதுக்குவது யாருக்கோ வசதியாக இருக்கிறது!

ஆயுள் விவரங்களை உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.