அடுப்பைக் கொடுத்தவர்தான் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்

மழை வந்ததும் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் கொண்டுபோய் வைப்பதைக் காட்டி, நேற்றிலிருந்து எல்லாரும் பகிரும் அந்தக் கொடைக்கானல் ஹோம்ஸ்டே வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நான் போட்ட ஒற்றை வரிக்கு "அக்காவுக்கு வயித்தெரிச்சல், மோர் குடிங்க" என்று அந்த வீடியோவைப் போட்ட பக்கத்தை நடத்துகிறவரே பதில் போட்டிருக்கிறார். அதற்குச் சிரிப்பு ஸ்மைலி போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. ரொம்ப சந்தோஷம்.

நான் எழுதியது இவ்வளவுதான்: மழை பெய்கிறது என்று பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் தூக்கி வராதீர்கள், உயிர் போய்விடும்.

இதில் என்ன வயிற்றெரிச்சல்? 2024 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில், அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய நண்பர்களில் இரண்டு பேர் காலையில் எழவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் ரிசார்ட்டில் கேரளக்காரர்கள் எட்டுப் பேர், அதில் நாலு குழந்தைகள். அங்கே கேஸ் ஹீட்டர். ஆனாலும் கொன்றது அதே கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுதான். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை அடங்கிக் கரி சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும்போது "புகை போயிடுச்சு, உள்ளே வெச்சுக்கலாம்" என்போம். அப்போதும் அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். முதலில் தலைவலி, குமட்டல். குளிர், மலைப் பாதை, சரக்கு என்று அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டு போர்த்திப் படுத்துவிடுவோம்.

அதனால்தான் சொல்கிறேன், அடுப்பைக் கொடுத்தவர் இரவே வந்து அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். விருந்தாளியை நம்பி விட்டுவிட்டுப் போகக் கூடாது. கரிக்கும் கம்பிக்கும் தனியாகக் காசு வாங்கத் தெரிகிறதல்லவா?

"எங்க பாட்டி விறகடுப்புல சமைக்கலையா?" என்று ஒருவர். சமைத்தார்கள் ஐயா. ஓட்டு வீடு, ஓட்டு இடுக்கெல்லாம் காற்று, கூரையில் புகைபோக்கி. நீங்கள் படுப்பது குளிருக்குப் பயந்து கண்ணாடி ஜன்னலை இறுக்கிச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் சொருகிய அறையில். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்றால், போதாது. "ஹோம்ஸ்டேக்காரங்க பிழைப்பைக் கெடுக்காதீங்க" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உயிரை விடவா பிழைப்பு?

ஏற்காட்டில் நாங்கள் தங்கிய இடத்தில் கேம்ப்ஃபயர் என்று சொல்லி, ஈர விறகை அடுக்கி, வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்தார் அங்கிருந்த தம்பி. ஒரு தடவை ஊற்றிப் பற்றவைத்தார். அணைகிற மாதிரி இருந்ததும் எரிகிற விறகின் மேலேயே மறுபடி ஊற்றினார். நெருப்பு பாட்டில் வாய் வரைக்கும் ஏறி வந்தது. அவர் அதைக் கீழே போட்ட இடத்துக்கு நாலடி தள்ளி என் நாத்தனார் மகள், பாலியஸ்டர் ஷால் போர்த்திக்கொண்டு. ஒரு வாளி தண்ணீரோ மணலோ பக்கத்தில் இல்லை. உரிமையாளரிடம் கேட்டால் "மேடம், இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆனதில்லையே" என்றார். அந்தத் தம்பியைத் திட்டி என்ன செய்ய? அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதை ரிவ்யூவில் எழுதியதற்கு அந்த உரிமையாளர் போன் போட்டு ஒரு மூச்சு கத்தினார். அதைக்கூட மறந்துவிட்டேன். எங்கள் வீட்டு ஆட்களே "இவளைக் கூட்டிட்டுப் போனா நிம்மதியா ஒரு சிக்கன் சுட முடியாது" என்றதுதான் மறக்கவில்லை. குழந்தையைப் பின்னால் இழுத்தது நான். மூடைக் கெடுத்ததும் நான்தானாம்.

மலையேற இ-பாஸ் கேட்கிறோம், வண்டியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அறைக்குள் எரிகிற கரியைப் பற்றி யாராவது கேட்கிறார்களா? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். ஒரு வாரம் எல்லாரும் பதிவு போட்டோம், நானும்தான். இப்போதும் பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும்போது அதன் பக்கத்திலேயே கேம்ப்ஃபயர் போட்டு, விடிந்ததும் சாம்பலை வேலிக்கு அந்தப்பக்கம் கொட்டுகிறார்கள். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே மறுநாள் வரைக்கும் கங்கு இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். இதைச் சொன்னாலும் வயிற்றெரிச்சல்தான்.

"குடிச்சிட்டுத் தூங்கினா அப்படித்தான் சாவாங்க" என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். தாமனில் இறந்த அந்த நாலு குழந்தைகளும் குடித்துவிட்டா தூங்கினார்கள்?

என்னைக் கிண்டலடித்த, அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் இப்போது என்னை பிளாக் செய்துவிட்டார். வீடியோ அப்படியே இருக்கிறது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் யாரோ "சூப்பர் ஸ்பாட்" என்று அதைப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் வால்பாறை போகிறார்களாம். எனக்கு இன்னும் தேதி சொல்லவில்லை.