பிசாசின் கரு என்றால் மட்டும் பரவாயில்லையா?

திகில் படத்தில் ஒரு பெண் "இந்தக் கர்ப்பம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, பார்ப்பவர்களின் அனுதாபத்தையும் பெற வேண்டுமா? அப்படியானால் அவள் வயிற்றில் இருப்பது சாத்தானின் வாரிசாகவோ ராட்சதப் புழுவாகவோ வேற்றுக்கிரக ஜந்துவாகவோ இருந்தாக வேண்டும். சாதாரண மனிதக் கருவைச் சுமப்பவள் அதையே சொன்னால், பெரும்பாலும் கதை அவளைச் சும்மா விடாது, பேயை ஏவிவிடும். இந்த வகைப் படங்களை விழுந்து விழுந்து பார்க்கிற ஆள் நான். அதனாலேயே இந்த ஓரவஞ்சனை உறுத்துகிறது.

டேவிட் குரோனன்பெர்க் 1986-இல் எடுத்த 'தி ஃபிளை'யில் காதலன் கொஞ்சம் கொஞ்சமாக ஈயாக மாறிக்கொண்டிருக்கிறான், வெரோனிகா கர்ப்பமாகிறாள். பெரும்புழு ஒன்றைப் பெற்றெடுப்பதாக அவள் காணும் கனவில் மகப்பேறு மருத்துவராக வருபவர் குரோனன்பெர்க்கேதான். பிறகு ஓர் இரவில், விடியும்வரைகூடப் பொறுக்க முடியாமல், கருவைக் கலைக்க ஓடுகிறாள். அவனோ கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து அவளைத் தூக்கிச் செல்கிறான். தன்னில் மிச்சமிருப்பது அந்தக் குழந்தை மட்டும்தான் என்பது அவன் வாதம். ஈயின் முகத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், நிஜ வாழ்வில் எத்தனையோ ஆண்கள் பேசிய வாதம்தான் அது. நாம் அவள் பக்கம் நிற்கிறோம். ஈ இல்லாவிட்டாலும் நின்றிருப்போமா?

'புரோமிதியஸ்' (2012) மொத்தத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு காட்சிக்காக ரிட்லி ஸ்காட்டை மன்னித்துவிடலாம். வயிற்றில் வேற்றுயிர் வளர்வதை அறிந்த விண்வெளிப் பயணி எலிசபெத் ஷா, தானியங்கி அறுவை இயந்திரத்திடம் சிசேரியன் கேட்கிறாள். ஆண் நோயாளிகளுக்காக மட்டுமே அமைக்கப்பட்ட இயந்திரம் என்று பதில் வருகிறது. வயிற்றில் அந்நியப் பொருள் என்று மாற்றிச் சொல்லித்தான் காரியத்தைச் சாதிக்கிறாள், முழு விழிப்போடு படுத்தபடி. கதை நடப்பது 2093-இல்!

இந்த வரிசைக்கெல்லாம் மூத்தது 'ரோஸ்மேரிஸ் பேபி' (1968). கதை நடக்கும் நியூயார்க்கில் அப்போது, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அன்றி, கருக்கலைப்பு குற்றம். சட்டம் மாறியது 1970-இல். தன் நடிப்பு வாழ்க்கைக்காகக் கணவன் ரோஸ்மேரியின் கருப்பையைச் சாத்தானை வழிபடும் அண்டை வீட்டாரிடம் அடகு வைக்கிறான். மாதக்கணக்கில் வலி. ஒரு விருந்தின்போது தோழிகள் கணவனை உள்ளே விடாமல் சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு, வேறு மருத்துவரைப் பார் என்கிறார்கள். அழுதுகொண்டே அவள் சொல்வது: கருக்கலைப்பு செய்துகொள்ள மாட்டேன். யாரும் அப்படிச் சொல்லவே இல்லையே என்கிறாள் ஒரு தோழி. கேட்காத கேள்விக்கு அவள் தரும் அந்தப் பதிலில், அவளுக்குள் ஓடியிருக்கும் எண்ணம் தெரிந்துவிடுகிறது. பின்னர் தப்பி ஓடி இன்னொரு மருத்துவரிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். பொறுமையாகக் கேட்கும் அவர், அவளைப் படுக்க வைத்துவிட்டு, பழைய மருத்துவரையும் கணவனையும் வரவழைக்கிறார். தொட்டிலில் கிடக்கும் சாத்தானின் பிள்ளையைவிட இந்த இடம்தான் எனக்கு அதிகம் குலைநடுக்கம் தந்தது. (சிறுமியோடு சட்டவிரோத உறவு கொண்டதை ஒப்புக்கொண்டுவிட்டு 1978-இல் அமெரிக்காவிலிருந்து தப்பியோடிய ரோமன் போலன்ஸ்கிதான் இதன் இயக்குநர் என்பதை மறந்துவிட்டுப் பார்க்க என்னால் முடிவதில்லை.)

கலைக்கப்பட்ட சிசு ஆவியாகத் திரும்பும் படங்கள் தனி ரகம். 2010-இல் பாங்காக்கின் ஒரு புத்தக் கோயிலில், சட்டவிரோத கிளினிக்குகளிலிருந்து வந்த 2,000-க்கும் மேற்பட்ட சிசு உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே அதை வைத்துப் பேய்ப்படம் வந்தது. தாய்லாந்தில் 12 வாரம் வரை கருக்கலைப்பு அனுமதிக்கப்பட்டது 2021-இல்தான். இந்தச் சிசு ஆவிகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு: எப்போதும் பெண்ணின் கட்டிலருகேதான் வந்து நிற்கின்றன. சட்டம் போட்டவர் வீட்டு வாசலை ஒருநாளும் மிதிப்பதில்லை.

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் நேர்மையான படம் பாப் கிளார்க்கின் 'பிளாக் கிறிஸ்துமஸ்' (1974). மாணவியர் விடுதியில் ஒளிந்திருக்கும் கொலைகாரன் ஒருவன் தொலைபேசியில் அவர்களை மிரட்டுகிறான். அங்கே தங்கியிருக்கும் கல்லூரி மாணவி ஜெஸ், கர்ப்பமாக இருப்பதையும் கலைக்கப்போவதையும் காதலன் பீட்டரிடம் சொல்கிறாள். கண்ணீர் இல்லை, நியாயம் கற்பிக்கும் நீண்ட பேச்சும் இல்லை. பியானோ தேர்வில் சொதப்பிய பீட்டர் பியானோவை அடித்து நொறுக்குகிறான். பிறகு வந்து, படிப்பை விடுகிறேன், கல்யாணம் செய்துகொள்வோம் என்கிறான். உன் திட்டம் மாறியதற்காக என் கனவுகளை நான் ஏன் கைவிட வேண்டும் என்கிறாள் அவள், குரலைக்கூட உயர்த்தாமல். மருவை எடுப்பதுபோலப் பேசுகிறாயே என்று அவன் ஏசுகிறான். அதே சொற்களைப் பின்னர் தொலைபேசியில் கொலைகாரன் திருப்பிச் சொல்லும்போது, கொலைகாரன் இவன்தானோ என்ற ஐயம் நமக்கும் தொற்றுகிறது. பேயும் இல்லை, சாத்தானும் இல்லை. 'முடியாது' என்ற சொல்லைத் தாங்க முடியாத ஓர் ஆள் போதும், பயம் வந்துவிடுகிறது. ஜெஸ்ஸின் கதி என்ன ஆயிற்று என்று படம் சொல்வதில்லை. ஆனால் எது நேர்ந்தாலும் அது அவள் முடிவுக்கான தண்டனையாக இருக்காது என்பது உறுதி.

கருக்கலைப்பை அமெரிக்கா முழுக்க உரிமையாக்கியிருந்த ரோ எதிர் வேட் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்து செய்தது. 2024-இல் இரண்டே வார இடைவெளியில் 'இம்மாகுலேட்', 'தி ஃபர்ஸ்ட் ஓமன்' இரண்டும் வந்தன. இரண்டிலும் இத்தாலிய மடம், இளம் கன்னியாஸ்திரி, திணிக்கப்பட்ட கர்ப்பம். 2022 தீர்ப்புக்கு எதிர்வினை என்று பலர் எழுதினார்கள். 'இம்மாகுலேட்' கதையோ அந்தத் தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் முந்தையது. அதில் மருத்துவமனைக்குப் போய்த் தப்பிப்பதற்காக, கோழி இரத்தத்தைக் கொண்டு கருச்சிதைவு ஏற்பட்டதுபோல் நடிக்கிறாள் சிஸ்டர் சிசிலியா. செத்த கோழி அகப்பட்டு அவளும் அகப்படுகிறாள். கூர்மையான காட்சிதான். இருந்தாலும் மறுபடியும் அதே பழைய சலுகை: இவள் கன்னி, இவள் கேட்டு வந்த கர்ப்பம் அல்ல, ஆகவே இவள் மறுக்கலாம்.

'பிளாக் கிறிஸ்துமஸ்' படத்தை 2006-இலும் 2019-இலும் மறுஆக்கம் செய்தார்கள். கொலைகாரன், விடுதி, தொலைபேசி எல்லாம் ஏதோ ஒரு வடிவில் உண்டு. ஜெஸ்ஸின் கர்ப்பத்தை மட்டும் இரண்டு முறையும் எடுத்துவிட்டார்கள்.