உப்பு விளக்கும் ஒரு ஸ்டிக்கரும்

(சமையலறை. டிஷ்வாஷரின் கதவு திறந்து கிடக்கிறது. அடியில் கலங்கலாகத் தண்ணீர். மாப்பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மாமா சட்டைக் கையை மடித்தபடி உள்ளே வருகிறார்.)

மாமா: யாருக்கு மாப்பிள்ளை போன்?

மாப்பிள்ளை: மெக்கானிக்குக்குத்தான் மாமா. மெஷின் தண்ணீரை வெளியே தள்ளவில்லை. பம்ப் போய்விட்டது.

மாமா: அப்படி என்று யார் சொன்னது?

மாப்பிள்ளை: நானே கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தேன், தண்ணீர் நின்றது, மூடிவிட்டேன்.

மாமா: வைத்தியர்கூட நாடி பார்த்துவிட்டுத்தான் சொல்வார். நீங்கள் வாசலில் நின்றபடியே சாவுக்குச் சொல்லி அனுப்புகிறீர்கள். போனை வையுங்கள். முதலில் சுவரில் சுவிட்சை அணையுங்கள். அப்புறம் ஒரு குவளை, பழைய துணி, கையுறை.

மாப்பிள்ளை: கையுறை எதற்கு? அழுக்குக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான்.

மாமா: அழுக்குக்காக இல்லை. உடைந்த டம்ளரின் சில்லெல்லாம் கடைசியில் போய்த் தங்குவது மெஷினின் அடியில் இருக்கிற குழியில்தான். உடைந்ததை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றாலும்.

மாப்பிள்ளை: அது... உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமா: ஆறில் ஐந்துதான் அலமாரியில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்றவன் மாப்பிள்ளை. எண்ணிப் பார்க்க நேரம் இருக்கிறது.

(இருவரும் தண்ணீரை முகந்து சிங்கில் ஊற்றுகிறார்கள்.)

மாப்பிள்ளை: எவ்வளவு அள்ளினாலும் அடியில் கொஞ்சம் நிற்கிறதே?

மாமா: இப்போது வேலை செய்ய வேண்டும், துணியால் ஒற்றி எடுங்கள். ஆனால் நன்றாக ஓடுகிற மெஷினிலும் குழிக்குள் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் இருக்கத்தான் செய்யும். ரப்பர் காய்ந்து போகாமல் இருக்க அது வேண்டும். அதைப் பார்த்துப் பயந்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் நிறைய. ஃபில்டர் முங்குகிற அளவுக்குக் கலங்கல் நின்றால்தான் கவலை. சரி, ஃபில்டரைக் கழற்றுங்கள்.

மாப்பிள்ளை: எந்த ஃபில்டர்?

(மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்கிறார்.)

மாமா: வாங்கியதிலிருந்து இதைக் கழற்றியதே இல்லையா?

மாப்பிள்ளை: அது மெஷினின் தரை என்று நினைத்துவிட்டேன் மாமா.

மாமா: தரையில் எதற்கு அம்புக்குறி போடுகிறார்கள்? அம்பு காட்டுகிற பக்கம் திருப்பி மேலே தூக்குங்கள். மெதுவாக.

(வழவழவென்று ஓர் உருளை வெளியே வருகிறது. நாற்றமும் கூடவே வருகிறது.)

மாப்பிள்ளை: ஐயோ, இதில் ஏதோ வளர்கிறது மாமா!

மாமா: வளர்ந்து முடித்துவிட்டது. மெஷின் நாறுகிறது என்று சுதா சொன்னாளே, அப்போது என்ன செய்தீர்கள்?

மாப்பிள்ளை: ஜன்னலைத் திறந்தேன்.

மாமா: நல்லது. குழாயைத் திறந்துவிட்டுப் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம், வலை கிழிந்துவிடும். அடியில் தட்டையாக ஒரு வலை இருக்கிறது பாருங்கள், அதையும். கதவின் கீழ் விளிம்பையும் துடைத்துவிடுங்கள். உள்ளே பீய்ச்சுகிற தண்ணீர் அங்கே சரியாகப் படாது. வழிகிற எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் அங்கே உட்கார்ந்துகொண்டு நாறும்.

மாப்பிள்ளை: அப்படியானால் குற்றவாளி ஃபில்டர்தான். பம்ப் பிழைத்துக்கொண்டது!

மாமா: விசாரணை முடியவில்லை. கையுறையோடு குழிக்குள் விரலை விடுங்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். சில மெஷினில் திருகாணி போட்டிருப்பார்கள், இதில் நெம்பினால் வந்துவிடும். பின்னால் குட்டி விசிறி ஒன்று இருக்கும். சுற்றுகிறதா?

மாப்பிள்ளை: அசையவே இல்லை. ஏதோ சிக்கியிருக்கிறது... (இழுக்கிறார்) பல் குத்துகிற குச்சி. அதில் சுற்றிக்கொண்டு ஒரு காகிதம்.

மாமா: பாட்டில் லேபிள். லேபிளோடு பாட்டிலை உள்ளே வைத்தது யார்?

மாப்பிள்ளை: கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன்.

மாமா: போயிருக்கிறது. பம்புக்குள் போயிருக்கிறது.

மாப்பிள்ளை: இன்னும் ஒன்று வருகிறது. கண்ணாடிச் சில்லு.

மாமா: ஆறாவது டம்ளர். கணக்குச் சரியாகிவிட்டது.

மாப்பிள்ளை: இப்போது சுற்றுகிறது மாமா. ஆனால் வழுக்கிக்கொண்டு சுற்றவில்லை, விட்டுவிட்டுத்தான் சுற்றுகிறது. அப்படியானால் பம்ப் நிஜமாகவே...

மாமா: உங்களுக்குப் பம்ப் செத்தே ஆக வேண்டும் போலிருக்கிறது. உள்ளே காந்தம் இருக்கிறது, அதனால் அப்படித்தான் தட்டித் தட்டிச் சுற்றும். மூடியைப் போடுங்கள். சிங்குக்கு அடியில் அந்தக் கழிவுக் குழாய் மடங்கியிருக்கிறதா?

மாப்பிள்ளை: (குனிந்து) குப்பைக் கூடை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

மாமா: கூடையை நகர்த்துங்கள். குழாயை மேலே தூக்கி வளைத்துக் கட்டியிருக்கிறதே, அதை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். அந்த வளைவு தாழ்ந்தால் சிங்க்கின் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வரும்.

மாப்பிள்ளை: ஆயிற்றா மாமா?

மாமா: எங்கே ஆயிற்று? அலமாரியில் டம்ளர் எல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் நிற்கிறது. வினிகர் இருக்கிறதா? துணியில் நனைத்து இந்த டம்ளரைத் துடையுங்கள்.

மாப்பிள்ளை: அட! பளிச்சென்று வருகிறது.

மாமா: அப்படியானால் தண்ணீரில் உள்ள உப்புதான் படிந்திருக்கிறது. பிழைத்தீர்கள். துடைத்தும் போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து கிடையாது. மெஷினுக்கு உப்பு எப்போது போட்டீர்கள்?

மாப்பிள்ளை: உப்பா? டம்ளரில் உப்புப் படிகிறது என்கிறீர்கள், அதற்கு நானும் உப்புப் போட வேண்டுமா?

மாமா: இது வேறு, அது வேறு. தண்ணீரில் இருப்பது கால்சியம், மக்னீசியம். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உள்ளே பிசின் மணிகள் நிரப்பிய ஓர் அறை இருக்கிறது. பிடித்துப் பிடித்து மணிகள் நிறைந்துவிட்டால் அப்புறம் பிடிக்காது. நாம் போடுகிற உப்பு கரைந்து அந்த மணிகளை அலசிக் கால்சியத்தைக் கழற்றிவிடும். எல்லா மெஷினிலும் இந்த அறை கிடையாது. இதில் இருக்கிறது. இதோ, அடியில் இந்தத் திருகு மூடி.

மாப்பிள்ளை: இதைத் திறந்தால் வெடிக்குமோ என்று நான் தொட்டதே இல்லை.

மாமா: உப்பு தீர்ந்தால் முன்னால் விளக்கு எரிந்திருக்குமே?

(நீண்ட மௌனம்.)

மாப்பிள்ளை: எரிந்தது மாமா. ராத்திரியில் கண்ணைக் கூசியது. அதனால் மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

மாமா: இந்தச் சிரிக்கிற சூரியன் ஸ்டிக்கர்?

மாப்பிள்ளை: பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று.

(மாமா ஸ்டிக்கரை உரிக்கிறார். பிறகு பக்கத்தில் இன்னொன்றைப் பார்க்கிறார்.)

மாமா: இந்த நட்சத்திரம்?

மாப்பிள்ளை: அதற்கடியில் ஒரு விளக்கு எரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

மாமா: அலசு திரவம் தீர்ந்த விளக்கு! அது இருந்தால்தான் தண்ணீர் சொட்டாகத் தங்காமல் படலமாக வழிந்து ஓடும். 'பிளாஸ்டிக் டப்பா காயவே இல்லை' என்று அடிக்கடி புலம்புகிறீர்களே, காரணத்தில் ஒரு பாதி இதுதான். மறுபாதி பிளாஸ்டிக்கின் குணம். பீங்கான் சூட்டைப் பிடித்து வைத்துத் தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளும், பிளாஸ்டிக்குக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கழுவி முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

மாப்பிள்ளை: (உப்பு ஜாடியோடு ஓடி வருகிறார்) இதோ உப்பு. கொட்டட்டுமா?

மாமா: நில்லுங்கள்! அது சாப்பாட்டு உப்பு. பொடிசாக இருக்கும், கட்டி தட்டாமல் இருக்க வேறு ஏதாவது கலந்திருப்பார்கள், அறையை அடைத்துவிடும். இதற்கென்றே பெரிய கல்லாக விற்கிறார்கள். அதை மெஷினை ஓட்டப் போகும்போதுதான் போட வேண்டும். சிந்தின உப்பு அப்படியே கிடந்தால் துருப்பிடிக்கும்.

மாப்பிள்ளை: இவ்வளவும் எப்படி மாமா உங்களுக்குத் தெரியும்?

மாமா: கையேட்டைப் படித்தேன். அது எங்கே இப்போது?

மாப்பிள்ளை: சாப்பாட்டு மேசையின் ஒரு கால் ஆடியது...

மாமா: வேண்டாம், முடிக்காதீர்கள். மேல் அடுக்கில் எதுவும் சுத்தமாகவில்லை என்றீர்களே, அதைப் பார்ப்போம். பாத்திரங்களை எப்போதும் போல் அடுக்குங்கள். நான் பார்க்கிறேன்.

(மாப்பிள்ளை ஒரு தட்டை எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, துடைத்து, மெஷினுக்குள் வைக்கிறார்.)

மாமா: என்ன செய்கிறீர்கள்?

மாப்பிள்ளை: கழுவப் போடுகிறேன்.

மாமா: கழுவிவிட்டா? 1886-ல் அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்கிற பெண்மணி பாத்திரம் கழுவும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். வேலைக்காரர்கள் கழுவும்போது பீங்கான் தட்டின் விளிம்பை உடைக்கிறார்கள் என்ற ஆத்திரத்தில் செய்தது. நீங்கள் அவர் கண்ணெதிரே இதைச் செய்திருந்தால் காப்புரிமையைத் திருப்பிக் கொடுத்திருப்பார். கெட்டியாக ஒட்டியிருப்பதைச் சுரண்டிப் போட்டால் போதும். மெஷினில் போடுகிற பொடியில் அழுக்கைத் தின்கிற என்சைம் இருக்கிறது, அதற்குத் தின்ன ஏதாவது வேண்டாமா?

மாப்பிள்ளை: சரி, சுரண்டி மட்டும் வைக்கிறேன். (வைக்கிறார்) ஆயிற்று.

மாமா: இப்போது அடுக்குக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சுகிற இந்த மெஷின் கையைச் சுற்றிவிடுங்கள்.

(கை அரை வட்டம் சுற்றி, 'டக்' என்று நிற்கிறது.)

மாப்பிள்ளை: கரண்டி இடிக்கிறது.

மாமா: இதுதான் உங்கள் மேல் அடுக்கின் மர்மம். கரண்டிக் காம்பு கீழே நீட்டிக்கொண்டிருந்தால் கை சுற்றாது, ஒரே இடத்தில் நின்று ஒரே தட்டைக் குளிப்பாட்டும். கதவை மூடும் முன் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பது நல்லது. கையில் இருக்கிற ஓட்டைகளைப் பாருங்கள், நாலைந்தில் ஏதோ விதை அடைத்திருக்கிறது. அந்தப் பல் குச்சியை எறிந்துவிட்டீர்களா?

மாப்பிள்ளை: இல்லை, தடயம் என்று வைத்திருக்கிறேன்.

மாமா: கொடுங்கள், அதற்கும் ஒரு பிராயச்சித்தம் ஆகட்டும். (குத்தி எடுக்கிறார்) அப்புறம், பொடிப் பெட்டிக்கு எதிரே இவ்வளவு பெரிய தட்டை வைத்தால் அதன் மூடி எப்படித் திறக்கும்? பின்னால் தள்ளுங்கள். ஆமாம், பொடி எங்கே?

மாப்பிள்ளை: தீர்ந்துவிட்டது. சிங்கில் கை கழுவ வைத்திருக்கிற திரவத்தை ஊற்றட்டுமா?

மாமா: போன தடவை சமையலறை முழுக்க நுரை வந்தது அப்படித்தானா?

மாப்பிள்ளை: ரப்பர் பழுது என்று சுதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மாமா: இந்தப் பொடி நுரைக்காமல் இருப்பதற்கென்றே செய்தது. அந்தத் திரவம் நுரைத்துத் தள்ளினால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் தள்ளும், மிச்சம் கதவு வழியே வீட்டைக் கழுவும். என் பையில் ஒரு டப்பா பொடியும் மெஷினுக்கான கல் உப்பும் இருக்கிறது. இது இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதான் வந்தேன்.

(உப்பும் பொடியும் போடுகிறார்கள். கதவு 'கிளிக்' என்று மூடுகிறது. சுவிட்சைப் போடுகிறார்கள். மாமா குனிந்து கீழே விழுந்த துணியை எடுக்கும்போது அவர் முழங்கை மெஷினின் முன்பலகையில் இடிக்கிறது.)

மாப்பிள்ளை: தண்ணீர் ஏறவில்லையே மாமா. குழாய் திறந்துதான் இருக்கிறது.

மாமா: மெஷினுக்கு அடியில் ஈரம் இருக்கிறதா? தண்ணீர் சூடாகாமல் போவது, உள்ளே கசிவது, ஃபியூஸ் போவது, இதற்கெல்லாம் நான் கை வைக்க மாட்டேன். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

மாப்பிள்ளை: ஈரம் இல்லை. ஆனால் திரையில் 3 என்று வருகிறது. மூன்றாம் எண் பழுது! நான்தான் அப்போதே சொன்னேனே, பம்ப்...

மாமா: மேசைக் காலைத் தூக்குங்கள்.

(மாப்பிள்ளை மேசையைத் தூக்குகிறார். மாமா கையேட்டை உருவிப் புரட்டுகிறார்.)

மாப்பிள்ளை: என்ன போட்டிருக்கிறது?

மாமா: பழுது இல்லை. என் முழங்கை தாமதப் பொத்தானில் பட்டிருக்கிறது. மூன்று மணி நேரம் கழித்துக் கழுவுகிறேன் என்று சொல்கிறது.

மாப்பிள்ளை: அப்பாடா!

மாமா: இந்த வீட்டில் 'அப்புறம் கழுவுகிறேன்' என்று சொல்ல அது யாரிடம் கற்றுக்கொண்டது என்று கையேட்டில் இல்லை மாப்பிள்ளை.