மன்னிப்புப் பெற்றவர் எடுத்ததைத் திருப்பித் தர வேண்டாமா?

உதவி நிதிக்கென்று வாங்கின பணத்தை எடுத்துக்கொண்ட ஒருவர் மறுபடி மேடை ஏறிப் பேசின அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம். நான் இணைப்பும் தரப்போவதில்லை, அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. என்ன நடந்தது என்று இங்கே என்னைத் தொடர்கிற பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். அவர் மறுபடி மேடை ஏறியதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அங்கே நின்று அவர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "என் பழையவை எல்லாம் இயேசுவின் இரத்தத்தால் மூடப்பட்டுவிட்டன. மூடினதைத் திறக்கிறவன் நோவாவின் நிர்வாணத்தைப் பார்த்து வெளியே சொன்ன அவர் மகன் காமைப் போன்றவன்" என்றார். அதற்குக் கூட்டம் முழுக்க அல்லேலூயா.

விதவைகளுக்கும் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் என்று சொல்லி வாங்கின பணம் அது. கொடுத்தவர்களில் பலர் தாங்களே கஷ்டத்தில் இருப்பவர்கள். அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்கிறவன் காம். எடுத்தவர் நோவா. நன்றாக இருக்கிறது.

ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நோவா தன் கூடாரத்தில், தன் திராட்சத்தோட்டத்து ரசத்தைக் குடித்துவிட்டு விழுந்து கிடந்தார். யாருடைய பணத்தையும் எடுக்கவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு மனிதனின் அவமானத்தை மூடுவதும், ஒரு மனிதன் மற்றவர்களுக்குச் செய்த அநியாயத்தை மூடுவதும் ஒன்றா? முதலாவது அன்பு. இரண்டாவதுக்கு உடந்தை என்று பெயர்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். தேவன் மன்னிக்கிறார். முழுமையாக மன்னிக்கிறார், அதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் மன்னிப்பு வேறு, விளைவு வேறு. மறைத்துவைத்த தப்புக்கு விளைவு வந்தே தீரும். செய்தவர் அதைச் சுமக்க மறுத்தால் அது காற்றில் கரைந்துபோவதில்லை, வேறு யாரோ ஒருவர் தலையில் போய் இறங்குகிறது.

"தாவீதையே மன்னிக்கவில்லையா?" என்று உடனே கேட்பீர்கள். காணொளிக்குக் கீழேயும் முழுக்க அதுதான். உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவையும் கொல்லவைத்த தாவீதைத் தேவன் மன்னித்தார். அதே 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில், "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார், நீ சாகமாட்டாய்" என்று சொன்ன அதே நாத்தான் தீர்க்கதரிசி, பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்றும் சொன்னார். நீ ஒளிப்பிடத்தில் செய்ததற்கு இஸ்ரவேலர் எல்லாருக்கும் முன்பாக, பட்டப்பகலில் பதில் வரும் என்றார். சொன்னபடியே வந்தது. குழந்தை செத்தது. அம்னோன் தன் தங்கையைக் கெடுத்தான். அப்சலோம் அம்னோனைக் கொன்றான், பிறகு தகப்பனையே துரத்தினான். மன்னிக்கப்பட்ட மனிதனின் வீட்டில்தான் இத்தனையும் நடந்தது. தாவீதை இழுக்கிறவர்கள் மன்னிப்பைச் சொல்கிற 13ஆம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். 51ஆம் சங்கீதத்துக்கு ஒரு தலைப்பு இருக்கிறது, பலர் படிப்பதேயில்லை. பத்சேபாளிடம் போன பிறகு நாத்தான் வந்தபோது பாடி, இராகத்தலைவனுக்கு ஒப்புவித்த சங்கீதம் என்று அங்கே போட்டிருக்கிறது. இராகத்தலைவனுக்கு! ஒரு ராஜா தன் கேவலமான பாவத்தைப் பற்றிய அறிக்கையை ஆராதனைப் பாடகர்கள் கையில் கொடுக்கிறார். எல்லாரும் பாடட்டும், தலைமுறை தலைமுறையாகப் பாடட்டும் என்று கொடுக்கிறார். "நாத்தானே, நீ ஏன் மூடினதைத் திறக்கிறாய்" என்று அவர் கேட்கவில்லை. தாவீதைப்போல விழுந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, தாவீதைப்போல எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறவருக்குத்தான் உண்டு. நம் ஆள் எதை ஒத்துக்கொண்டார்? "சில பலவீனங்கள்" என்றார். அவ்வளவுதான். பலவீனத்துக்கு வங்கிக் கணக்கு உண்டா?

சரி, விளைவு வேறு யார் தலையிலோ இறங்கும் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். யோசுவா 7ஆம் அதிகாரம். எரிகோவில் யாரும் தொடக்கூடாது என்றிருந்த பொருட்களிலிருந்து ஆகான் என்ற இஸ்ரவேலன் எடுத்தது ஒரு பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் எடையுள்ள ஒரு பொன் பாளம். கூடாரத்துக்குள் மண்ணைத் தோண்டிப் புதைத்தான். யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த சண்டையில் ஆயி பட்டணத்தார் கையில் செத்தவர்கள் ஏறக்குறைய 36 பேர். அந்த 36 பேரும் எதையும் எடுக்கவில்லை. அவர்களுக்கு அந்தச் சால்வையைப் பற்றித் தெரியவே தெரியாது. அவர்களுடைய மனைவிமார் என்ன நினைத்திருப்பார்கள்? ஆண்டவர் ஏன் எங்களைக் கைவிட்டார் என்றுதானே அழுதிருப்பார்கள்? ஆகானுடைய கூடாரத்துக்குள் இருந்த பதில் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நம் விஷயத்திலும் அதேதான். அந்த நிதியிலிருந்து உதவி வரும் என்று நம்பிக் காத்திருந்து, வராததால் படிப்பை நிறுத்தின பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். "ஜெபித்தேன், ஆண்டவர் கேட்கவில்லை" என்று அவள் என்னிடம் சொன்னாள். ஆண்டவர் கேட்டார் மகளே. கொடுக்கச் சொல்லிக் கொடுத்தும் அனுப்பினார். நடுவில் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவளுடைய விசுவாசத்துக்கு விழுந்த அடியை எந்த இரத்தத்தால் மூடப்போகிறீர்கள்?

இது எனக்கு இவ்வளவு வலிப்பதற்குக் காரணம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். கட்டட நிதிக்கு ரசீது எங்கே என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை, அப்பாவுக்குச் சத்தம் போடத் தெரியாது. அதற்குப் பிறகு அவரை வேதபாடம் வாசிக்கக் கூப்பிடவில்லை. "ஐயாவுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது" என்றார்கள். எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவதைச் சிலர் தவிர்த்தார்கள். அப்பாவுக்காகவே ஜெபக்குறிப்பு வைத்தார்கள், அவருடைய "கசப்பு" நீங்க வேண்டுமாம். அவர் தொடர்ந்து அதே சபைக்குத்தான் போனார். கடைசி வரைக்கும் போனார்.

அவர் இறந்த பிறகுதான் கணக்கைத் தணிக்கை செய்தார்கள், உண்மை வெளியே வந்தது. யாரும் எங்கள் வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒருவர் வந்தார், அப்பாவோடு அதே கமிட்டியில் இருந்தவர். "அண்ணி, அண்ணன் அன்றைக்குக் கேட்டது சரிதான். எனக்கு அப்போதே தெரியும்" என்றார். அம்மா கொஞ்சநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிந்திருந்தால் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கட்டட நிதியை எடுத்தவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியில் பார்த்தால் அவர் தப்பித்துவிட்ட மாதிரிதான் தெரிந்தது. நல்ல மரியாதை, நல்ல வாழ்க்கை. ஆனால் திருவிருந்து ஞாயிறுகளில் அவர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விடுவார். எத்தனையோ வருடம் அப்படித்தான். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பிள்ளைகள் நாங்கள் நினைத்தோம். பிற்பாடு 32ஆம் சங்கீதத்தில் "நான் அடக்கிவைத்தமட்டும்" தன் எலும்புகள் உலர்ந்துபோயிற்று என்று தாவீது சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது. யாருக்கும் தெரியாத தப்பு என்று ஒன்று இல்லை. செய்தவருக்குத் தெரியுமே. அண்ணன்மார் யோசேப்பை விற்றபோது அவனுக்கு 17 வயது. பார்வோன் முன் நின்றபோது 30. பஞ்சம் வந்து அண்ணன்மார் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தபோது இருபது வருடம் கடந்திருந்தது. அங்கே சிக்கலில் மாட்டியதும் அவர்கள் வாயில் முதலில் வந்தது என்ன? நம் சகோதரனுக்குச் செய்த துரோகம் நம்மேல் வந்தது என்பதுதான். யாரும் அதைக் கேட்கவில்லை. அந்த வார்த்தை இருபது வருடமாக உள்ளேயே காத்திருந்தது.

"நீ யார் நியாயந்தீர்க்க?" என்றும் கேட்கிறார்கள். நியாயந்தீர்க்காதே என்கிற மத்தேயு 7:1 எனக்கும் மனப்பாடம். அதே மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், தனியாகச் சொல்லியும் கேட்காதவனை, சாட்சிகளோடு போய்ச் சொல்லியும் கேட்காதவனை, சபைக்குத் தெரியப்படுத்து என்று சொன்னவரும் இயேசுதான். மூப்பர்களைப் பற்றி எழுதுகிற இடத்தில்தான் பவுல், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை.

"எத்தனையோ பேர் செய்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" என்று ஒரு தம்பி நேர்மையாகக் கேட்டிருந்தார். ஆசாப்பும் அதைத்தான் 73ஆம் சங்கீதத்தில் கேட்டார். நானும் கேட்டிருக்கிறேன். எல்லாருக்கும் இந்த உலகத்திலேயே நம் கண்முன்னே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. யாருக்காவது நோய் வந்தால் "பார், செய்த பாவம்" என்று விரல் நீட்டுகிற கூட்டத்திலும் நான் இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு அதை மறுத்தார். ஆனால் "சிலருடைய பாவங்கள் அவர்களைப் பின்தொடரும்" என்று 1 தீமோத்தேயு 5:24 சொல்கிறது. சாவோடுகூட அது நின்றுபோவதில்லை.

அப்புறம், "சபையின் பெயர் கெட்டுவிடும்." இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. ரவி சகரியாஸை நம் வீடுகளில் எத்தனை பேர் கேட்டிருப்போம். சென்னையில் பிறந்த கிறிஸ்தவப் பேச்சாளர், உலகம் முழுக்கப் போய்ப் பேசினவர். 2020 மே மாதம் இறந்தபோது பெரிய மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 2021 பிப்ரவரியில், அவருடைய நிறுவனமே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை வந்தது. பல பெண்களிடம் அவர் பாலியல் ரீதியாக அத்துமீறி நடந்துகொண்டது அதில் வெளியானது. அதற்கு முன்பே ஒரு பெண் குற்றம் சொன்னபோது, நிறுவனம் அவர் பக்கம்தான் நின்றது. இறந்தபின் சில மாதங்களில் அவர் புத்தகங்களைப் பதிப்பாளர்களே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மனவளர்ச்சி குன்றியவர்களுக்காக லார்ஷ் சமூகங்களைத் தொடங்கிய ஜான் வானியே 2019இல் இறந்தார், பரிசுத்தவான் என்றே பலர் பேசினார்கள். 2020இலும் 2023இலும் லார்ஷே வெளியிட்ட அறிக்கைகள் வேறு கதை சொல்லின. இரண்டாவது அறிக்கையில் பாதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 25 பேர்.

பெயரைக் கெடுத்தது யார்? அறிக்கை எழுதினவர்களா? முதலில் பேசின பெண்ணை அன்றைக்கே நம்பியிருந்தால், அதற்குப் பின் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்! மூடிவைத்த ஒவ்வொரு வருடமும் புண் ஆழமானது. சீக்கிரம் வெளியே வருவது தண்டனை என்று நினைக்கிறீர்கள். அது செய்தவருக்கே கிடைக்கிற இரக்கம். "அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்" என்று நீதிமொழிகள் 28:13 சொல்கிறது. அதன் முதல் பாதியை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

கிருபையை மறந்து பேசுகிறேன் என்கிறார்கள். கிருபை எப்படி இருக்கும் என்று வரி வசூலித்த சகேயுவிடம் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்குப் போனார், திட்டவில்லை, பணத்தைக் கேட்கவில்லை. சகேயுவே எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். அதற்குப் பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்திலும் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலியும் கொண்டுவர வேண்டும். பலி மட்டும் போதும் என்று அங்கே இல்லை. நான்கு மடங்கு நான் கேட்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கும் கேட்கவில்லை. எடுத்ததைக் கொடுங்கள். எவ்வளவு எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அதுகூட வேண்டாமா?

கமிட்டியில் இருக்கிற அண்ணன்மார்களுக்கும் ஐயாமார்களுக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இதைப் பற்றி நான் முன்பு போட்ட பதிவை எடுத்துவிடு என்று உள்பெட்டியில் கேட்டவர்களில் நீங்களும் இருந்தீர்கள். "உங்கள் பாவம் உங்களைத் தொடர்ந்து பிடிக்கும்" என்ற எண்ணாகமம் 32:23ஐத் திருடனுக்கும் விபசாரனுக்கும் எதிராகவே எல்லாரும் பிரசங்கிக்கிறோம். மோசே அதைச் சொன்னது திருடனிடம் இல்லை. யோர்தானுக்கு இந்தப் பக்கம் நல்ல மேய்ச்சல் கிடைத்துவிட்டது, நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம் என்று கேட்ட காத், ரூபன் புத்திரரிடம் சொன்னார். உங்கள் சகோதரர் யுத்தத்துக்குப் போகும்போது நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பீர்களோ என்று கேட்டுவிட்டுச் சொன்னார். சும்மா உட்கார்ந்திருப்பதைத்தான் அங்கே பாவம் என்றார்.

உங்களுக்குத் தெரியும். எந்த மாதத்திலிருந்து கணக்கு எழுதாமல் விட்டார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பதிவை எடுக்கமாட்டேன். என்னைக் காம் என்று சொல்லுங்கள், கசப்பு பிடித்தவன் என்று சொல்லுங்கள், என் பெயருக்கும் ஜெபக்குறிப்பு வையுங்கள். எங்கள் குடும்பத்துக்கு அது புதிதில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து கணக்கைக் கேளுங்கள். அவரோடு போய் உட்கார நான் வருகிறேன்.