தண்ணீர் வந்துவிடும், தகவல்தான் வராது

திருகோணமலை மாவட்டத்து வெருகல் ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரருக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். 2006இல் மாவிலாற்று மதகு, 2025 நவம்பரில் டித்வா புயல். இடையில் அந்த ஆறு என்ன செய்துகொண்டிருந்தது, கரையில் இருந்த சனம் என்ன பாடுபட்டது என்று யாரும் கேட்டதில்லை. இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளம் வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. கங்கைக் கரையில், அதாவது எங்கள் வெருகல் ஆற்றங்கரையில், குடியிருந்துகொண்டு கங்கை ஏறக்கூடாது என்று சொல்ல முடியுமா? மேலே ஆறு பெருகுவது அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிந்து எவ்வளவோ நேரம் கழித்து, கீழே இருக்கிற எங்களுக்கு யாரோ முகம் தெரியாத ஆள் வாட்ஸ்அப்பில் போட்ட குரல் பதிவில்தான் தெரியவந்தது. கோபம் அதில்தான்.

இடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக்குடாவில் கடலோடு சேர்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கடலுக்குக் கிட்ட வரும்போது அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து கிழக்குப் பக்கமாக வருகிறது, அதுதான் வெருகல். ஊரில் ஆறு என்று யாரும் சொல்வதில்லை, கங்கைதான். தெற்கே தாண்டினால் கதிரவெளி, மட்டக்களப்பு மாவட்டம். வடக்கே எங்கள் பக்கம் வெருகல், வட்டவன், மாவடிச்சேனை, பூநகர், ஈச்சிலம்பற்று. ஆற்றை மேலே மறித்து மாவிலாறு வழியாகத் திருப்பின தண்ணீர் அல்லை நீர்ப்பாசனத் திட்டத்துக்குப் போகிறது, சேருநுவர, கிளிவெட்டி, தோப்பூர், மூதூர்ப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் அதுதான் உயிர். தமிழன் வயல், முஸ்லிம் வயல், சிங்களவன் வயல் எல்லாம் ஒரே வாய்க்கால் தண்ணீரில் விளைகிறது. வரைபடத்தில் பார்த்தால் சின்ன ஆறு, ஒரு விரலால் மறைத்துவிடலாம்.

ஆனால் இந்தச் சின்ன ஆற்றுக்குப் பின்னால் இருப்பது எவ்வளவு பெரிய நிலம் என்று யோசியுங்கள். மகாவலியின் நீரேந்து பரப்பு இலங்கையில் ஆறில் ஒரு பங்கு அளவு. நுவரெலியாவில் பெய்தாலும், கண்டியில் பெய்தாலும், மாத்தளையில், பொலனறுவையில் பெய்தாலும், அணைகளில் தங்கினது போக மிச்சம் இந்தப் பக்கமாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். 1976இல் பொல்கொல்லையில் ஆற்றைத் திருப்பினார்கள். எண்பதுகளில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று வரிசையாக அணைகள் வந்தன, பிறகு மொரகஹகந்த. நல்ல திட்டங்கள்தான், லட்சக்கணக்கான ஏக்கர் விளைகிறது, கரண்ட் வருகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். அணை கட்டின நாளிலிருந்து இது தன் பாட்டில் ஓடுகிற ஆறு இல்லை. கோடையில் எவ்வளவு விடுவது, மாரியில் எந்தக் கதவை எத்தனை அடி திறப்பது என்று எங்கேயோ ஒரு அலுவலகத்தில் யாரோ முடிவெடுக்கிறார்கள். அப்படியிருக்க வெள்ளம் வந்ததும் "இயற்கை அனர்த்தம்" என்று கையைக் கழுவிவிட முடியாது. மழை இயற்கை, சரி. கதவு?

பாலம் வருவதற்கு முன்னால் வெருகலில் பாதை ஓடிக்கொண்டிருந்தது, பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவை. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கடற்கரை ரோட்டால் போவதென்றால் கிண்ணியாவில் ஒரு பாதை, பிறகு இன்னொன்று, இன்னொன்று என்று இறங்கி ஏறி, வெருகலுக்கு வந்து சேர அரை நாள் போய்விடும். பாதையைக் கம்பி வடத்தில் பிடித்துக் கையால் இழுத்துக் கொண்டுபோவார்கள். மோட்டர் சைக்கிள், லாண்ட்மாஸ்டர், தயிர்ச் சட்டி, ஆடு, நாங்கள் எல்லாம் ஒன்றாக. அந்தக் காத்திருப்பு பெரிய கரைச்சல், பிரசவத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் அக்கரையில் நின்று கத்தினதைப் பார்த்தவர்கள் யாரும் பாலம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்ததை மறந்துவிட்டு "அந்தக் காலம் நல்ல காலம்" என்று எழுதுவதற்கு எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தப் பாதையோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. பாதையில் நின்ற மனிதர்களுக்குக் கங்கையின் நாடி தெரியும். எங்கள் பெரியப்பா முறையான ஒருவர் அதில் நிறைய வருஷம் நின்றவர். கரையில் இறங்குகிற இடத்தில் ஒரு மருத மரம், அதன் வேரில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று காலையில் ஒருதரம் பார்ப்பார், பின்னேரம் ஒருதரம் பார்ப்பார். தண்ணீரைக் கையில் அள்ளி நிறம் பார்ப்பார். கறுப்பாக, இலை ஊறின சாயத்தில் இருந்தால் பக்கத்துக் காட்டில் பெய்த மழை, பெரிய பயம் இல்லை. செங்கல் கரைத்த மாதிரி மண்ணிறத்தில் வந்தால் அது மலைநாட்டுத் தண்ணீர், பின்னால் நிறைய வருகிறது. ஆற்றுவாழை கொத்துக் கொத்தாகக் கழன்று வந்தால் வில்லுகள், அதாவது ஆற்றோரத்துச் சதுப்புக் குளங்கள், நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். வேரோடு மரம் வந்தால் பிறகு கதையே இல்லை, "தம்பி, கங்கை இண்டைக்கு ராவு ஏறும், மாட்டை மேட்டுக்கு ஏத்தச் சொல்லு" என்பார். அக்கரைக்குப் போகிறவன் அதைக் கதிரவெளிக்குக் கொண்டுபோவான், இக்கரைக்கு வருகிறவன் ஈச்சிலம்பற்று வரைக்கும் சொல்லிக்கொண்டே போவான். பொழுதுபடுவதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். காசு செலவில்லை, அரசாங்க முத்திரை இல்லை, ஆனால் வேலை செய்தது. பெரியப்பா சொன்னது எல்லாத் தடவையும் சரியாக இருந்ததா என்றால் இல்லை, சில நாள் சும்மா மாட்டை ஏற்றி இறக்கினதும் உண்டு. யாரும் அவரைத் திட்டவில்லை.

இப்போது பாலத்தில் பஸ் ஒரு நிமிஷத்துக்குள் கடந்துவிடுகிறது. சனம் போனைப் பார்த்துக்கொண்டு போகிறது. ஆறு ஒரு சாண் ஏறியிருக்கிறதா நாலு முழம் ஏறியிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்.

சரி, பெரியப்பாக்கள் இல்லை, அந்த இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்போம். மேலே பொலனறுவைப் பக்கம் மன்னம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டத்தை அளக்கிறார்கள், அளவை வெளியிடவும் செய்கிறார்கள். அங்கே ஏறின தண்ணீர் பறந்து வராது, வில்லுகளையெல்லாம் நிரப்பிக்கொண்டுதான் எங்கள் பக்கம் வந்து சேரும். அந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய வரம். அந்த நேரத்துக்குள் நெல் மூட்டையைப் பரணில் ஏற்றலாம், அம்மம்மாவைத் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விடலாம், மாட்டை மேட்டுப் பக்கம் சாய்க்கலாம். டித்வா நேரம் எங்களுக்கு வந்த அறிவித்தல் என்ன தெரியுமா? "மகாவலியின் தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்" என்று ஒரு வரி, கீழே பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள். அதையே சிங்களத்தில் ஒரு பக்கத்துக்கு நேரத்தோடு, மட்டத்தோடு போட்டிருந்தார்கள். வட்டவனில் இருக்கிற ஒரு கிழவிக்கு "வெருகல் பிரதேச செயலகப் பிரிவு" என்றால் என்ன விளங்கும்? அவவுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், தன்ர வீட்டுப் படிக்குத் தண்ணீர் வருமா, வந்தால் எத்தனை மணிக்கு. அவதானமாக இருப்பது என்றால் என்ன, கண்ணை முழித்துக்கொண்டு இருப்பதா?

நவம்பர் 30ஆம் திகதி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. அந்தச் செய்தி பரவின விதத்தைச் சொன்னால் சிரிப்பும் வரும் அழுகையும் வரும். "உடைஞ்சிட்டுது" என்று ஒருவர், "உடையேல்ல, உடைக்கப் போறாங்கள்" என்று இன்னொருவர், போன வருஷத்து வேற ஊர் வீடியோவைப் போட்டு "மாவிலாறு இப்போது" என்று மூன்றாமவர். திருகோணமலை மாவட்டத்தில் "உடைஞ்சிட்டுது" என்ற சொல்லைச் சும்மா சொல்லக்கூடாது. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட சனம் படுக்கையிலேயே போனது, அந்த நினைவு இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினது, எந்தப் பக்கம் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் வருகிற பக்கம். மேடு அங்கேதான் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். நல்லகாலம், வழியில் கண்ட பொடியன்கள் மறித்துத் திருப்பினார்கள்.

மாடுகளின் கதையைத் தனியாகச் சொல்லவேண்டும். வில்லுப் பக்கம் பட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் இருப்பதில்லை, பட்டிக்குப் பக்கத்துக் குடிசையில், வாடியில் இருப்பார்கள், அங்கே போன் சிக்னல் மரத்தில் ஏறினால்தான். நூறு இருநூறு மாடு இருக்கிற பட்டியை இருட்டில், மழையில், யானை நடமாடுகிற வழியால் மேட்டுக்குக் கொண்டுவருவதற்கு ஒரு இரவு முழுக்க வேண்டும். கன்றுகள் வெள்ளத்தில் தாக்குப்பிடிக்காது, தாய் கன்றை விட்டு வராது. மனிசருக்கு இரண்டு மணித்தியால முன்னறிவித்தல் போதும் என்று ஒரு அதிகாரி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மாட்டுக்குப் போதாது ஐயா. மாடு போனால் அந்த மனிசன் உயிரோடு இருந்தும் என்ன செய்வான், மூதூர் தயிர், கிண்ணியாத் தயிர் என்று நீங்கள் கொழும்புக்குக் கொண்டுபோகிற சட்டி எங்கேயிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்.

விதைப்பும் அப்படித்தான். பெரும்போகத்துக்கு விதைத்துப் பசளை எறிந்த பயிர், தண்ணீருக்குள் கிடந்து அழுகினது ஒருபக்கம், தண்ணீர் வடிந்த பிறகு வயலில் முழங்காலளவு மணல் கிடந்தது இன்னொரு பக்கம். பயிருக்கு நட்டஈடு கேட்கப் படிவம் இருக்கிறது. மணலுக்கு இல்லை.

இதே ஆறு ஆடி ஆவணியில் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் நான் சொல்வதை நம்பமாட்டார்கள். வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் மணல் திட்டில் நடந்துபோய்த்தான் தண்ணீரைத் தொடுவார்கள். கடல்பக்கமிருந்து உப்பு ஏறி வரும், கரையோரக் கிணறுகள் சவர்த்துவிடும், பவுசருக்குக் குடம் வரிசையாக நிற்கும். மாரியில் வீட்டுக்குள் கங்கை, கோடையில் குடத்துக்குள் ஒன்றும் இல்லை. அப்போதும் எங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு: மேலே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எங்களுக்கு எவ்வளவு வரும், எப்போது வரும். சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் வயல்காரர் பேசுவார்கள், அதிலும் வாய்க்கால் தலைப்பில் இருப்பவரின் குரல்தான் பெரிதாகக் கேட்கும். ஆற்றின் வாலில் குடிக்கிற தண்ணீருக்கு நிற்கிறவர்கள், மீன்பிடிகாரர், பட்டிக்காரர், இவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் கதிரை இல்லை.

2006ஐ இந்த இடத்தில் தொடாமல் போகமுடியாது. ஜூலை 21ஆம் திகதி புலிகள் மாவிலாற்று மதகை மூடினார்கள், ஆகஸ்ட் 8இல் திறபட்டது, அதற்கிடையில் தொடங்கின சண்டை 2009 மே வரைக்கும் போய் முடிந்தது. அதற்கு ஆயிரம் அரசியல் காரணம் இருந்தது, அதைப் பேசுகிற பதிவு இது இல்லை, அந்தச் சண்டைக்கு ஆள் வேண்டுமென்றால் முகநூலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கீழே வயல் காய்ந்தவனும் சரி, பிறகு ஷெல்லுக்குள் வாகரைக்கு ஓடி அங்கிருந்து மட்டக்களப்புக்கு ஓடின எங்கள் சனமும் சரி, அந்த மதகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்படாதவர்கள். அன்றைக்குத் துவக்கு வைத்திருந்தவர்கள் முடிவெடுத்தார்கள், இன்றைக்குக் கோப்பு வைத்திருக்கிறவர்கள் முடிவெடுக்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை, கோப்பு எவ்வளவோ மேல். ஆனால் கீழே இருக்கிறவன் நிலை அன்றும் இன்றும் காத்திருப்பதுதான்.

"சொன்னாலும் சனம் கேட்காது, வீட்டை விட்டு வெளிக்கிடாது" என்று அலுவலகங்களில் சொல்வார்கள். கேட்காதுதான். ஏன் கேட்கவேண்டும்? வருஷத்துக்கு ஆறு தரம் "அவதானமாக இருக்கவும்" என்று ஒரே வரியை அனுப்பினால் யார் வெளிக்கிடுவார்கள்? பெரியப்பா சொன்னதைக் கேட்டார்கள், ஏனென்றால் அவர் "ராவைக்கு ஏறும்" என்று நேரம் சொன்னார், "கோயில் படி வரைக்கும் வரும்" என்று இடம் சொன்னார், பிழைத்தால் அடுத்த நாள் அதே பாதையில் எல்லாருடைய முகத்திலும் முழிக்க வேண்டியிருந்தது.

இதற்குக் கோடி ரூபாய்த் திட்டம் தேவையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆற்றோர ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கொங்கிறீற்றுத் தூண், அடிக்கணக்கில் பெயின்ற் அடித்து, 2025இல் தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்புக் கோடு. மன்னம்பிட்டியில் இவ்வளவு ஏறினால் இந்தத் தூணில் இவ்வளவு வரும் என்று ஒரு அட்டவணை, தமிழில், கடையில் ஒட்டிவைக்கிற மாதிரி. நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கு அது பெரிய வேலை இல்லை, அளவுகள் அவர்களிடம் இருக்கின்றன. வயலுக்குத் தண்ணீர் பார்க்க வட்டவிதானை இருக்கிற மாதிரி ஆற்றுக்கும் ஊருக்கொரு ஆள், சம்பளம் கொஞ்சம், மேலே இருந்து நேரே அவருக்குப் போன் வரவேண்டும், கச்சேரி, பிரதேச செயலகம், கிராம சேவகர் என்று படிப்படியாக இறங்கி வருவதற்குள் தண்ணீர் இறங்கி வந்துவிடும். அவர் சொன்னதும் கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, விகாரை ஒலிபெருக்கி எது கிட்டவோ அது. பட்டிக்காரருக்கு மற்றவர்களுக்கு முன்னால், கடைசி ஒரு நாளாவது முன்னால். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் இருக்கட்டும், அது நாங்கள் கூப்பிடுகிறது. எங்களைக் கூப்பிடுகிற இலக்கம் எது?

அணைக்கட்டைத் திருத்துவார்கள், அதற்குக் காசு வரும், திறப்புவிழா நடக்கும், படம் வரும். தூண் நட யாரும் விழா வைக்கமாட்டார்கள். அதனால் அதை நாங்களே தொடங்கலாம் என்று நானும் நாலைந்து பேரும் கதைத்திருக்கிறோம். வெருகலிலிருந்து ஈச்சிலம்பற்று வரைக்கும், பிறகு சேருநுவர, கிளிவெட்டி, தோப்பூர்ப் பக்கமும், யாருடைய சுவரிலாவது அந்த வெள்ளத்தின் அடையாளம் இன்னும் இருந்தால் தயவுசெய்து வர்ணம் பூசி மறைத்துவிடாதீர்கள். நிலத்திலிருந்து அடையாளம் வரைக்கும் அளந்து, ஊர்ப் பெயரோடு, முடிந்தால் தண்ணீர் வந்த நேரத்தோடு எனக்கு அனுப்புங்கள். 1957 வெள்ளத்தைப் பார்த்த கிழவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள், எந்த மரம் வரைக்கும், எந்தப் படி வரைக்கும் வந்தது என்று. சிங்கள ஊர்களில் கேட்டு வாங்க ஒரு நண்பர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாரிக்குள் ஒரு பத்து ஊருக்காவது தூண் நட்டுவிடவேண்டும், சீமெந்து தருகிறேன் என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருக்கிறார், மணல்தான் எங்கள் வயலிலேயே வேண்டியமட்டும் கிடக்கிறதே.