எவ்வளவு யூரியா, எப்போது, எந்த வரவைக்கு?

2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்து போனதிலிருந்து நம் பக்கத்தில் பசளை பற்றி வாய் திறந்தாலே அது சண்டையில்தான் முடிகிறது. இரசாயனம் எல்லாம் நஞ்சு என்கிறவர்கள் ஒரு பக்கம். சேதனப் பசளை என்று சொல்லி எங்கள் வயிற்றில் அடித்தார்களே என்கிறவர்கள் மறுபக்கம். இந்த இரண்டாவது கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. மே மாதம் வர்த்தமானியில் தடை வந்தது, நவம்பர் கடைசியில் நீக்கினார்கள். அதற்குள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்போகம் விதைத்தாயிற்று. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை வயல்கள் மஞ்சளித்துக் கிடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம் யூரியா மூட்டை முப்பதாயிரத்தைத் தாண்டியதும், நகையை அடகு வைத்து வாங்கியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் அந்தத் தடை இன்னொரு நட்டத்தையும் விட்டுப் போயிருக்கிறது. "அளந்து போடுங்கள், நேரம் பார்த்துப் போடுங்கள்" என்று விவசாயப் போதனாசிரியர் வந்து சொன்னாலும் இப்போது சனம் நம்புவதில்லை. "திரும்பவும் தொடங்கிற்றாங்கள்" என்கிறார்கள். பசளையைச் சரியாகப் பாவிப்பது என்ற பேச்சே பசளையைப் பறிக்கிற பேச்சாகக் காதில் விழுகிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஏனென்றால் நாம் காசு கொடுத்து வாங்குகிற யூரியாவில் பெரும் பங்கு நெல்லுக்குப் போவதில்லை. அது காற்றிலும் வாய்க்காலிலும்தான் போகிறது.

50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ நைதரசன். தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் அதை விசிறினால், சாதாரணமாகப் பயிர் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். யூரியா தண்ணீரில் கரைந்து ஒன்றிரண்டு நாளில் அமோனியாவாக மாறத் தொடங்கிவிடும். வெயில் ஏற ஏறத் தண்ணீரில் இருக்கிற பாசி வேலை செய்து, தண்ணீரின் காரத்தன்மை கூடும். கூடக் கூட அமோனியா வாயுவாகிப் பறக்கும். அதுவே தண்ணீரை வடித்து, சேறு மட்டும் இருக்கிற நிலையில் யூரியாவை விசிறி, வரம்பில் தண்ணீர் போகிற வக்கடையைக் கட்டி வைத்து, இரண்டு மூன்று நாளில் மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சினால் சத்து சேற்றுக்குள் இறங்கிவிடும். அதே மூட்டைதான், அதே காசுதான்.

இது தெரியாமலா நம் ஆட்கள் நிறைதண்ணீரில் யூரியா எறிகிறார்கள்? பலருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வயல் போரதீவுப்பற்றில், நவகிரிக் குளத்து நீர் பாய்கிற வட்டையில் (பலருடைய வயல்கள் சேர்ந்த வெளியில்) இருக்கிறது. சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இன்றைக்கு வயலை வடித்துவிட்டால் அடுத்த முறை சொன்ன நாளில் வருமா, கடைமடைக்கு எட்டுமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. வந்த தண்ணீரை வடித்து விடுவதற்கு எந்த விவசாயிக்கு மனம் வரும்? சேறு காய்ந்து வெடித்துவிட்டால் பிறகு புல்லும் முளைக்கும், பயிரும் வாடும். அதனால் தண்ணீருக்குள்ளேயே எறிந்துவிட்டு ஆண்டவனே என்று விடுகிறார்கள். பசளை ஆலோசனை ஒரு திணைக்களத்திடம், தண்ணீர் இன்னொரு திணைக்களத்திடம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து யாரும் பேசுவதில்லை. பயிர் வளர்கிறபோது மேற்கட்டுப் பசளை போடுகிற வாரத்தைக் கணக்கில் வைத்து, வட்டைக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை தண்ணீர் முறையை ஒழுங்கு செய்தால், நூறு துண்டுப்பிரசுரம் செய்யாத வேலையை அது செய்யும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பெரும்போகத்தில் பிரச்சினை தலைகீழ். அப்போது வானம்தான் எதிரி. கார்த்திகை மழை கொட்டப்போகிறது என்று வானிலை அறிவிப்பு சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "ஆள் கிடைச்சிட்டான், இன்றைக்கே எறிஞ்சிருவோம்" என்று எறிகிற வழக்கம் நம்மிடம் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் வயலோடு சேர்த்து அப்படிப் போட்ட பசளையும் போயிற்று. வெள்ளத்தை யாராலும் தடுக்க முடியாதுதான். ஆனால் இரண்டு நாள் பொறுத்துப் போட முடியும். ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடவும் முடியும். நீர்ப்பாசன நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் பல காலமாகச் சொல்லி வந்த அளவு ஹெக்டேயருக்கு 225 கிலோ யூரியா, ஏக்கருக்குச் சுமார் 90 கிலோ. அதையும் ஒரே தரத்தில் போடச் சொல்லவில்லை. பயிரின் வயதைப் பார்த்து நாலு தரமாகப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் கூலியை மிச்சம் பிடிக்க இரண்டு தரத்தோடு முடிக்கிறவர்கள் நிறையப் பேர். கூலியில் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனை மடங்கு யூரியாவில் போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இலை நிற அட்டை என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான பிளாஸ்டிக் பட்டை. மஞ்சள் கலந்த வெளிர்பச்சையிலிருந்து கடும்பச்சை வரை வரிசையாகப் பச்சை நிறங்கள். பிலிப்பைன்சில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. பக்கத்து வயல் மாமா ஒருவருக்கு நான் இதைக் காட்டியபோது அவர் முதலில் கையில் வாங்கவே இல்லை. "தம்பி, ஐம்பது வருஷமா வயலைப் பார்த்தவனுக்குப் பச்சை தெரியாதா?" என்றார். பிறகு காலையில் வெயில் ஏறும் முன் அவரே வரவைக்குள், அதாவது வரம்பு கட்டிய வயல் துண்டுக்குள், இறங்கினார். முழுதாக விரிந்த மேல் இலையைப் பிடித்து, சூரியனுக்கு முதுகைக் காட்டித் தன் நிழலிலே வைத்து, இலையின் நடுப்பகுதியை அட்டை மேல் வைத்துப் பார்த்தார். இலையைப் பிய்க்கக் கூடாது, நிழலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் விதி. இப்படி அங்கங்கே பத்து இலை பார்க்க வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் அட்டையில் குறித்த பச்சையை விட வெளிறியிருந்தால் யூரியா போடலாம், இல்லையென்றால் பொறுக்கலாம். மாமாவின் மேட்டு வரவை வெளிறியிருந்தது. வாய்க்காலோரத்துப் பள்ள வரவையில் பச்சை நிறையவே இருந்தது. இரண்டுக்கும் இத்தனை காலமும் ஒரே அளவுதான் போட்டு வந்திருக்கிறார். அவர் அட்டையைத் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

கடும்பச்சை வயலைப் பார்த்துப் பெருமைப்படுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. ரோட்டில் போகிறவன் நின்று பார்க்க வேண்டும், "ஆருடைய வேளாண்மை இது?" என்று கேட்க வேண்டும். அந்தக் கருகருவென்ற பச்சையைத்தான் அறக்கொட்டியான் பூச்சியும் தேடி வருகிறது. நைதரசன் மிஞ்சிய பயிரில் அது நன்றாகப் பெருகும். எரிபந்த நோயும் அப்படியே. தாள் மெலிந்து உயர்ந்து, குடலை தள்ளிக் கதிர் வந்த பிறகு ஒரு காற்றுக்கே விழுந்துவிடும். விழுந்த வேளாண்மையை வெட்ட மிஷின்காரர் கூடக் காசு கேட்பார், நெல்லும் நிலத்தில் போகும். ஆக, கூடுதல் யூரியாவுக்கு ஒரு தரம் காசு, அதனால் வந்த பூச்சிக்கு மருந்தடிக்க ஒரு தரம், வெட்டுக்கு ஒரு தரம். இந்த மூன்றையும் ஒரே கணக்கில் எழுதிப் பாருங்கள்.

சரி, வைக்கோலுக்கு வருவோம். இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. மிஷின் வெட்டிப் போட்ட வைக்கோலை வரிசை வரிசையாகக் கொளுத்துகிறோம். ஒரு தொன் வைக்கோலில் பொட்டாசியச் சத்து 14 முதல் 20 கிலோ வரை இருக்கும். ஏக்கருக்கு இரண்டு தொன் என்று வைத்தாலே பொட்டாசியத்துக்காகப் போடுகிற பண்டி உரம் ஒரு மூட்டையில் இருக்கிற 30 கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். கொளுத்தினால் பொட்டாசியம் சாம்பலில் தங்கும். ஆனால் அந்தச் சாம்பல் எரித்த இடத்திலேயே குவிந்து, காற்றோடும் முதல் மழையோடும் போகும். நைதரசன் பெரும்பாலும் புகையாகிவிடும். வைக்கோலைப் பரப்பி, ஈரத்தோடு முன்கூட்டியே மடக்கி உழுதால் அது அங்கேயே மட்கும். உழவுக்கும் விதைப்புக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதற்கும் முதல் தண்ணீர் நேரத்தோடு கிடைக்க வேண்டும். பாருங்கள், சுற்றிச் சுற்றித் தண்ணீரிலேயே வந்து நிற்கிறோம்.

எருவை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேளாண்மை வெட்டிய வயலில் மாட்டுப்பட்டி அடைக்கிற வழக்கம் நம் முன்னோர் தந்த நல்ல வழக்கம், அது நிற்கக் கூடாது. ஆனால் உலர்ந்த எருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும். ஒரு மூட்டை யூரியாவின் சத்தை ஈடுகட்ட இரண்டு தொன்னுக்கு மேல் எரு வேண்டும். ஒரே போகத்தில் நாடு முழுவதையும் எருவுக்கு மாற்றிவிடலாம் என்றவர்கள் இந்தச் சின்னப் பெருக்கலைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. எரு மண்ணைப் பதப்படுத்தும், போட்ட பசளையைப் பிடித்து வைக்கும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் இருக்கிற எழுவான்கரைக்காரருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். களுதாவளை, களுவாஞ்சிகுடிப் பக்கத்து மணல் தோட்டங்களில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் போடுகிற யூரியா மணலில் நிற்காது. நைத்திரேற்றாக மாறி நேரே கீழே இறங்கும். கீழே இருப்பது நாம் குடிக்கிற அதே கிணற்றுத் தண்ணீர். குடிநீரில் நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகிற சக்தியை இழக்கலாம். கொதிக்க வைத்தால் இது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியத்தான் செய்யும். தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வளவுகளில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். மணலில் கொஞ்சம் கொஞ்சமாக, பல தரமாக, எருவோடு சேர்த்துப் போடுங்கள்.

பசளையைப் பற்றி நம் விவசாயிக்கு உண்மையில் யார் சொல்லித் தருகிறார்கள்? பசளைக் கடைதான். போகத்துக்குப் போகம் கடனுக்குத் தருகிறவர் சொல்வதை விவசாயி எப்படி மறுப்பான்? கடைக்காரரில் குற்றம் இல்லை, விற்பது அவருடைய தொழில். ஒரு போதனாசிரியருக்குக் கீழே எத்தனை கிராமம் என்று பார்த்தால், அவரையும் குறை சொல்ல முடியாது. குத்தகைக்கு ஒரு போகம் மட்டும் எடுக்கிறவனிடம் போய் மண்வளத்தைப் பாதுகாக்கச் சொல்வதிலும் அர்த்தமில்லை. காணிக்காரர் இரண்டு மூன்று வருடத்துக்குக் கொடுத்தால்தான் அவன் வைக்கோலை மடக்கி உழுவான்.

2024இல் உர மானியத்தை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ஆக்கினார்கள். நல்லது, அது தேவை. ஆனால் எந்த வயலானாலும் ஒரே கணக்கு, பரப்பைப் பார்த்துத்தான் காசு. அதில் மிகச் சின்னப் பங்கை எடுத்தால் வட்டைக்கு நாலு இலை நிற அட்டையும் மண் பரிசோதனையும் வந்துவிடும். பொசுபரசுக்காகப் போடுகிற ரி.எஸ்.பி, யூரியா மாதிரி ஓடிப் போவதில்லை, மண்ணில் தங்கிச் சேரும். பல வருடம் போட்ட வயலில் குறைக்கலாமா என்று மண்ணைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. வயலில் எட்டுப் பத்து இடத்தில், அரையடி ஆழத்தில் மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக்கிலோ கொடுத்தால் போதும். பசளை போட்ட கையோடு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

போகம் தொடங்கும் முன் விவசாயிகள் கூடுகிற அடுத்த ஆரம்பக் கூட்டத்தில் இரண்டு விடயம் கேட்கப்போகிறேன். மேற்கட்டுப் பசளை போடுகிற வாரங்களைத் தண்ணீர் அட்டவணையில் எழுத வேண்டும். வட்டைக்குள்ளே, எல்லாரும் நடந்து போகிற வரம்போரமாக, ஒரு வரவையை அட்டை பார்த்துப் பசளை போட ஒதுக்க வேண்டும். பக்கத்து வரவை வழமைபோல இருக்கட்டும். வெட்டின பிறகு இரண்டு வரவை நெல்லையும் எல்லாருக்கும் முன்னால் நிறுக்க வேண்டும், செலவையும் வாசிக்க வேண்டும். வேறு வட்டைகளிலும் இதைக் கேளுங்கள். சம்மாந்துறை, நாவிதன்வெளிப் பக்கத்தில் இப்படி யாராவது செய்து பார்த்திருந்தால் உங்கள் கணக்கைக் கீழே எழுதுங்கள், எத்தனை மூட்டை போட்டீர்கள், எத்தனை மூட்டை நெல் வந்தது என்று.